சர்ஜாபூர் பக்கம் வயல்வெளியில் சிப்பிப்பாறையை அவிழ்த்து விடலாமா?

கரிசல்காட்டான் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம், வேலை பெங்களூரில். சர்ஜாபூரிலிருந்து ஆனேக்கல் போகிற சாலையில் ஒரு அபார்ட்மென்டில் குடியிருக்கிறோம். வீட்டில் ஒரு சிப்பிப்பாறை வேட்டை நாய், ஆண், செவலை நிறம், பெயரும் செவலைதான், இரண்டு வயது தாண்டிவிட்டது. அப்பா ஊரிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தது.

எங்கள் குடியிருப்பின் மதில் முடிந்ததும் தைலமரத் தோப்பு, அதைத் தாண்டினால் ராகிக் காடு, அதற்கும் அப்பால் ஒரு ஏரிக்கரை. விடிந்தும் விடியாமலும் கிளம்பினால் ஒரு சுற்று போய்விட்டு வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். குடியிருப்புக்குள் நாயை நடத்தினால் ஆயிரம் பேச்சு, லிஃப்டில் ஏற்றாதே, புல்தரையில் விடாதே என்று. அதனால் இந்தப் பின்பக்கம்தான் எங்களுக்கு எல்லாம். அது அவனுக்கும் தெரியும், கேட்டைத் தாண்டினதுமே நடை மாறிவிடும், தலை நிமிர்ந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் ராகிக் காட்டு ஓரத்தில் ஒரு முயல் எழும்பியது. செவலை முதலில் அசையவே இல்லை. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நின்றான், தொடைச் சதை மட்டும் வெடவெடவென்று ஆடியது. நான் கயிற்றைச் சுருட்டிப் பிடிப்பதற்குள் பின்னால் ஒரே இழுப்பு, கழுத்துப் பெல்ட் தலை வழியாக உருவிக்கொண்டு என் கையில் தொங்கியது, ஆளைக் காணோம். தோப்புக்கும் வயலுக்கும் நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் தடியோடு மந்தைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு "நாயி ஹிட்கொள்ளி, நாயி ஹிட்கொள்ளி" என்று, நாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். ரொம்ப நேரம் கழித்து நாக்குத் தொங்க அவனாகவே திரும்பி வந்தான். காது ஓரம் கிழிந்து ரத்தம், மார்பில் முள் கீறல், வயிற்று மயிர் முழுக்க நாயுருவி விதை.

அப்பாவிடம் போனில் சொன்னால் சந்தோஷப்படுகிறார். வேட்டை நாயைக் கட்டிப்போட்டு வளர்ப்பது பாவம், ஊரில் தரிசில் அவிழ்த்து விட்டுத்தானே வளர்த்தோம், ஓடினால்தான் அதுக்கு உயிர் என்கிறார். என் மனைவி, இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாது, மொட்டைமாடியில் நடத்துங்கள் போதும் என்கிறாள். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. அவன் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், நாலு காலும் தரையில் இல்லாத அந்த ஓட்டத்தை மொட்டைமாடிக்குள் அடைக்க மனசு வரவில்லை. அதே சமயம் அவனைப் பறிகொடுக்கவும் முடியாது.

இந்தப் பக்கம் வயலிலும் தோப்பிலும் நாயை அவிழ்த்து விடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்போது விடலாம், எங்கே விடலாம், எதற்குப் பயப்பட வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ராகிக்காடு ஆனேக்கல் எழுதுகிறார்:

தம்பி, வணக்கம். நாங்கள் மூன்று தலைமுறையாக ஆனேக்கல் பக்கம் விவசாயம் பார்க்கிறவர்கள், வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். உங்கள் அப்பா சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அங்கே தரிசு கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும், யாருடைய நிலம் எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், நாய் யார் வீட்டு நாய் என்றும் தெரியும். இங்கே அப்படி இல்லை. நீங்கள் நடந்து போகும் அந்த வரப்புக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு ஆள் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது ராகி முற்றி நிற்கிற நேரம். ஆனி, ஆடியில் விதைத்தது, கார்த்திகை, மார்கழியில் அறுப்பு. கதிர் கனத்துத் தாள் ஏற்கனவே சாய்ந்து நிற்கும். அதில் ஒரு நாய் முயலுக்குப் பின்னால் வளைந்து வளைந்து ஓடினால் ஓடிய தடம் முழுக்கப் பயிர் படுத்துவிடும். படுத்த கதிரில் மழை ஈரம் ஏறினால் அங்கேயே முளைத்துப் போகும், அறுக்கிற கூலியும் கூடிவிடும். பார்ப்பதற்கு ரெண்டடி அகலக் கோடுதான், ஆனால் அந்தக் காட்டுக்காரர் மறுநாள் காலையில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஆட்டுக்காரர் கத்தினதில் எந்தத் தப்பும் இல்லை. சிப்பிப்பாறை ஆட்டைக் கடிக்க வேண்டும் என்பதே இல்லை, சும்மா துரத்தினாலே போதும். மிரண்டு ஓடுகிற மந்தை முள்வேலியில் போய் விழும், சினை ஆடு மாதம் நிறையாமலேயே குட்டியைப் போட்டுவிடும். அவருக்கு ஒரு ஆடு என்பது ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. நாளைக்கே அவரைத் தேடிப்போய், நாய் என்னுடையது, இந்த நேரத்தில் இந்த வழியாக வருவேன் என்று சொல்லிவிடுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவர் உங்களுக்கு எதிரியே இல்லை. நாய் காணாமல் போனால் எந்தப் பக்கம் போனது என்று சொல்லப் போகிறவரே அவர்தான்.

அப்புறம் நாய்க்கே இருக்கிற ஆபத்து. எங்கள் பக்கம் பழைய கிணறுகள் நிறைய, பலதுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, சுற்றிலும் உண்ணிச்செடி மண்டி நிற்பதால் மனுசனுக்கே தெரியாது. தலை தெறிக்க ஓடுகிற நாய் எங்கே பார்க்கும்? பன்றிக்காகச் சிலர் வேலிக் கம்பியில் கரண்டை நேரடியாகக் கொடுத்து வைக்கிறார்கள். சட்டப்படி குற்றம்தான், ஆனாலும் நடக்கிறது, மனுசரே செத்திருக்கிறார்கள். எலிக்கு வைக்கிற மருந்து உருண்டை வரப்பு ஓரத்தில் கிடக்கும். நாய் மோந்துகொண்டே போய் எதையாவது வாயில் போடும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

யானையை மறந்துவிடாதீர்கள். ராகி முற்றும் மாதங்களில் பன்னேருகட்டா காட்டிலிருந்தும் தளி, ஜவளகிரி பக்கமிருந்தும் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஓசூர் சானமாவு காட்டில் வந்து தங்கிக்கொண்டு ராத்திரி ராத்திரி வயலுக்கு வரும், விடிகிற நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்பும். அதாவது நீங்கள் நாயோடு கிளம்புகிற அதே நேரம். உங்கள் குடியிருப்பு வரை வராமல் இருக்கலாம், ஆனால் ஆனேக்கல் தாண்டித் தெற்கே போகிறவர்கள் யாராக இருந்தாலும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவிழ்த்து விட்ட நாய் யானையைக் கண்டால் போய்க் குரைக்கும். யானை துரத்தும். துரத்தினால் நாய் ஓடி வருகிற இடம் உங்கள் காலடி. அந்தந்த வாரம் யானை எங்கே நிற்கிறது என்று ஊர்க்காரர்களிடம் கேட்காமல் இந்தப் பக்கம் விடியற்காலை நடைக்கே வராதீர்கள்.

இந்திராநகர் ராஜா எழுதுகிறார்:

எல்லோரும் பயமுறுத்தியே விடுவீர்கள் போலிருக்கிறது. நான் என் நாட்டு நாயை வருஷக்கணக்காக அவிழ்த்து விட்டுத்தான் நடத்துகிறேன், விசில் அடித்தால் வந்து நிற்பாள். நாய்க்கு நம்மேல் பாசம் இருந்தால் எங்கேயும் போகாது. கயிற்றிலேயே வளர்ந்த நாய்தான் கயிறு அவிழ்ந்ததும் ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பழக்குங்கள் நண்பரே, சரியாகிவிடும்.

கனகபுரா ரோடு அக்கா எழுதுகிறார்:

ராஜா அவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நாட்டு நாய் வேறு, சிப்பிப்பாறை வேறு. கண்ணால் பார்த்துத் துரத்துகிற இனம் அது. முயல் கண்ணில் பட்ட பிறகு காது கேட்காது, பாசமும் கிடையாது கோபமும் கிடையாது, முன்னால் ஓடுவது மட்டும்தான் உலகம். தலைமுறை தலைமுறையாக அதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த நாய், விசிலுக்குத் திரும்பவில்லை என்று அதைக் குறை சொல்ல முடியாது. அந்த முயலைப் பிடித்துவிட்டால் இன்னும் சிக்கல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், நாயை விட்டுப் பிடித்தாலும் வேட்டைதான். மயில் என்றால் கேட்கவே வேண்டாம்.

நாங்கள் இருப்பது துரஹள்ளி காட்டுக்குப் பக்கத்தில். லேப்ரடார் ஒன்று, வயதானவள். தெருவிலிருந்து எடுத்த பையன் ஒன்று. ஆரம்பத்தில் காட்டு ஓரம் வரை போவோம். இப்போது போவதில்லை, காரணம் சிறுத்தை. துரஹள்ளியில் சிறுத்தை நடமாட்டம் பலமுறை உறுதியானது. நகரத்துக்குள் வராது என்று நினைக்க வேண்டாம், 2016-இல் குந்தலஹள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே புகுந்தது, 2023-இல் கூட்லு பக்கம் ஒரு அபார்ட்மென்ட் வளாகத்தில் கேமராவில் பதிந்தது. கூட்லு உங்கள் சர்ஜாபூரிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை, அதுவும் கருக்கலில் தனியாக முன்னால் ஓடுகிற நாய். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு போங்கள், நாய் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

காட்டுக்குள் நாயைக் கூட்டிப் போகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. நம் நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் வைரஸ் காட்டு விலங்குகளுக்கும் பரவும். 2018-இல் குஜராத் கிர் பகுதியில் சிங்கங்கள் இருபதுக்கும் மேல் செத்தபோது சிலவற்றில் அந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நம் நாய்க்குத் தடுப்பூசி போடுவது நம் நாய்க்காக மட்டும் இல்லை. பன்னேருகட்டா 1974-இலிருந்தே தேசியப் பூங்கா, அதன் எல்லைக்குள் நாயோடு நுழைவதை நினைக்கவே கூடாது.

இப்போது உண்ணி. தம்பி, உங்கள் பதிவில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, எனக்கு அதுதான் கவலை. தைலமரத் தோப்பு, ஆடு மேயும் புல், உண்ணிச்செடிப் புதர், இவ்வளவும் ஒரே வழியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தினமும் தடவிப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் கிடைக்காது. காது மடலைத் திருப்பி அந்த மடிப்புக்குள், பெல்ட் உட்காரும் இடத்தில், அக்குளில், வாலுக்குக் கீழே, விரல் இடுக்குகளில். குட்டி உண்ணி எள்ளளவுதான் இருக்கும், ரத்தம் குடித்து ஊதியது ஆமணக்குக் கொட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் தொங்கும். கிடைத்தால் தோலை ஒட்டி முள்வாங்கியால் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் வேண்டாம்.

எங்கள் தெருப் பையனுக்கு டிக் ஃபீவர், அதாவது உண்ணிக் காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு நாள் சோறு திங்கவில்லை, மந்தமாக இருந்தான், வெயில் என்று நினைத்தோம். அப்புறம் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் தரைமட்டம். எர்லிக்கியா என்ற கிருமி என்றார் டாக்டர், டாக்ஸிசைக்ளின் மருந்து 28 நாள் கொடுத்தோம், பிழைத்தான். அதிலிருந்து உண்ணி மாத்திரை தவறவிடுவதில்லை. மாதம் ஒரு முறை கொடுப்பதும் இருக்கிறது, 12 வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பதும் இருக்கிறது, எடைக்கு ஏற்றதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். வேப்பெண்ணெய் தடவினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நம் பக்கத்து உண்ணிக்கு அது போதாது.

ஏரியில் இறங்க விடுகிறீர்களா? வேண்டாம். பெல்லந்தூர் ஏரியில் 2017-இலும் 2018-இலும் தீயே பிடித்து எரிந்தது, நம் ஊர் ஏரித் தண்ணீரின் நிலைமை அது. சின்ன ஏரிகளிலும் சாக்கடை கலக்கிறது. எலிக் காய்ச்சல் தேங்கின தண்ணீர் வழியாகவும் வரும், அது மனிதருக்கும் தொற்றும். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கரையில் ஏறும் முன்னால் வாசலில் பலகையையும் பார்த்துக்கொள்ளுங்கள், பல ஏரிகளில் நாய்க்கு அனுமதி இல்லை.

கரிசல்காட்டான் எழுதுகிறார்:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. உங்கள் பதில்களை மனைவியும் உட்கார்ந்து படித்தாள். உண்ணி விஷயம் படித்ததும் உடனே டார்ச் வைத்துப் பார்த்தோம், இடது காதுக்குள் இரண்டு, பின்னங்கால் விரல் இடுக்கில் ஒன்று. அக்கா சொன்னபடியே எடுத்தோம். நாளைக்கு மாத்திரை வாங்கப் போகிறேன்.

ஆட்டுக்காரப் பெரியவரையும் இன்று பார்த்தேன். அவருக்குத் தமிழ் நன்றாகவே வருகிறது, பெண் கொடுத்தது கிருஷ்ணகிரி பக்கமாம். தோப்பின் மேற்கு மூலையில் தூர்ந்த கிணறு ஒன்று இருப்பதைக் கூட்டிப்போய்க் காட்டினார். இத்தனை நாளாக அதை ஒட்டியே நடந்துகொண்டிருந்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். பாம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அந்தப் பெரியவர் ராகித் தாள் போர் பக்கம் நாயை விடாதே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம், கயிற்றில்தான் என்றால் இவன் எப்படி ஓடுவது?

ஓசூர் ரோடு கிளினிக் எழுதுகிறார்:

நான் ஒரு வளர்ப்புப் பிராணி கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன், டாக்டர் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

பெரியவர் சொன்னது முழுக்கச் சரி. தாள் போரில் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. எங்களிடம் வருகிற கடிகளில் பெரும்பாலும் மூக்கு, முகம், முன்னங்கால், ஏனென்றால் நாய் போய் மோந்து பார்க்கும், காலால் தோண்டும். நம் பக்கம் கண்ணாடி விரியன், நல்ல பாம்பு இரண்டும் உண்டு, கட்டு விரியனும் உண்டு. கண்ணாடி விரியன் குக்கர் ஆவி விடுகிற மாதிரி நீளமாகச் சீறும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் நின்று தேடாதீர்கள், வந்த வழியே பின்வாங்குங்கள்.

கடித்துவிட்டால் என்ன செய்யக்கூடாது என்பதுதான் முக்கியம். கயிறு கட்டக்கூடாது, கத்தியால் கீறக்கூடாது, பச்சிலை வைத்து நேரம் போக்கக்கூடாது, பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு வர வேண்டியதும் இல்லை. நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள், சிப்பிப்பாறை உயரமாக இருந்தாலும் எடை அதிகம் இருக்காது, தோளில் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி விரியன் கடித்தால் கொஞ்ச நேரத்தில் கடித்த இடம் வீங்கும், கடிவாயில் ரத்தம் நிற்காமல் கசியும். நல்ல பாம்போ கட்டு விரியனோ என்றால் தள்ளாடும், கண் செருகும், மூச்சு வாங்கும், அதிலும் கட்டு விரியன் என்றால் வீக்கம் பெரிதாக இருக்காது. வீக்கம் இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மனிதருக்குப் போடுகிற அதே விஷமுறி மருந்தைத்தான் நாய்க்கும் போடுகிறோம், ஆனால் எல்லா கிளினிக்கிலும் கையிருப்பில் இருக்காது. அதனால் இன்றே உங்கள் பக்கத்து கிளினிக்குகளுக்குப் போன் போட்டு விஷமுறி யாரிடம் இருக்கிறது, காலை ஆறு மணிக்கு யார் திறந்திருப்பார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனை பெரியது, ஆனால் சர்ஜாபூரிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து போக வேண்டும், காலை டிராஃபிக்கில் நடக்கிற காரியமா.

இன்னொன்று, அறுப்பு முடிந்த பிறகு நெருஞ்சி முள்ளும் ஊசிப்புல்லும். ஊசிப்புல் விதை கூர்மையானது, ஒரு பக்கம் குத்தினால் முன்னோக்கி மட்டும்தான் போகும், திரும்பி வராது. விரல் இடுக்கில் புகுந்து சீழ் வைத்து வருகிற நாய்களைப் பார்க்கிறோம். ஒரே இடத்தை ஓயாமல் நக்கினால், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து உதறினால் விட்டுப் பார்க்காதீர்கள், கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மர்ஃபி டவுன் கன்னி எழுதுகிறார்:

நான் கன்னி இன வேட்டை நாய் வளர்க்கிறேன், அதுக்கு முன்னால் ராஜபாளையம். கயிறு பற்றிக் கேட்டீர்கள், அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சாதா பெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். நம் வேட்டை நாய்களுக்குத் தலை சின்னது, கழுத்து தடிமன், பின்னால் இழுத்தால் எந்த பெல்ட்டும் உருவிக்கொள்ளும். இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டும். இழுக்கும்போது மட்டும் இறுகுகிற பெல்ட் இருக்கிறது, கடையில் மார்ட்டிங்கேல் என்று கேளுங்கள், அகலமானதாக வாங்குங்கள். வயலுக்குப் போகும்போது அதோடு மார்புப் பட்டையும் போடுங்கள், நீளக் கயிறு மார்புப் பட்டையில்தான் மாட்ட வேண்டும், கழுத்தில் மாட்டினால் பாய்ந்து ஓடி முட்டும்போது கழுத்து போய்விடும்.

கயிறு பத்து மீட்டர், தட்டைப் பட்டையாக இருந்தால் நல்லது. நைலான் உருட்டுக் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும். கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், கையுறை போட்டுக்கொண்டு நுனியைத் தரையில் இழுபட விட்டு நடுவில் பிடியுங்கள். பத்து மீட்டரையும் முழுக்க விட்டால் இருபது மீட்டர் அகல வட்டம், அவன் மோந்து பார்க்க, புதருக்குள் தலை விட, தன் போக்கில் நடக்க இது தாராளம். முயல் எழும்பினால் முழு வேகம் எடுப்பதற்கு முன்னால் கால் வைத்துக் கயிற்றை அமுக்கிவிடலாம்.

கூப்பிட்டால் வரும் பழக்கத்தை இந்தக் கயிற்றிலேயே ஆரம்பியுங்கள். வேக வைத்த ஆட்டு ஈரல் துண்டு பாக்கெட்டில் இருக்கட்டும். கூப்பிடுங்கள், வந்தால் கொடுங்கள், உடனே மறுபடி போக விடுங்கள். நிறையப் பேர் வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும்தான் கூப்பிடுவார்கள், நாய்க்குக் கூப்பிடுவது என்றாலே விளையாட்டு முடிந்தது என்று பதிந்துவிடும், அப்புறம் எப்படி வரும்? எவ்வளவு பழக்கினாலும் முயலுக்கு முன்னால் அது நிற்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். என் கன்னி ஈரலுக்கு உயிரை விடுவாள், ஆனால் பூனையைக் கண்டால் ஈரலைத் துப்பிவிட்டுப் போவாள்.

ஓட்டம் வேண்டும் என்பதில் உங்கள் அப்பாவோடு எனக்கு முழுச் சம்மதம். ஆனால் இந்த இனத்துக்கு மணிக்கணக்கில் ஓட வேண்டியதில்லை. நாலைந்து நிமிஷம் முழு வேகத்தில் இரண்டு மூன்று பாய்ச்சல், அதோடு நாள் முழுக்கத் தூங்கும். அதுக்கு வேலி போட்ட இடம் இருந்தால் போதும். பெங்களூரில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிற நாய்ப் பூங்காக்கள் இருக்கின்றன. கிரிக்கெட் ஆடுகிற வலை போட்ட டர்ஃப் மைதானம் விடியற்காலையில் காலியாகக் கிடக்கும், மேலாளரிடம் பேசிப் பாருங்கள், சுத்தம் பண்ணிக் கொடுப்பேன் என்று சொன்னால் சிலர் விடுகிறார்கள். கப்பன் பார்க்குக்கும் கூட்டி வரலாம், அங்கே நாய்களுக்கென்றே தனி இடம் இருக்கிறது. லால்பாக்கில் விட மாட்டார்கள்.

இந்திராநகர் ராஜா எழுதுகிறார்:

வேட்டை இனத்தைப் பற்றி அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், என் நாய்க்குத் துரத்துகிற புத்தி கிடையாது, அதை வைத்துச் சொன்னேன். ஆனாலும் கயிறில்லாமல் ஓடுகிற நாயின் முகம் ஒன்று இருக்கிறது, அது எல்லா நாய்க்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் சொல்ல வந்தேன்.

ராகிக்காடு ஆனேக்கல் எழுதுகிறார்:

ராஜா சார், அதில் எனக்கு மறுப்பே இல்லை. தம்பி, உங்களுக்கு ஒரு யோசனை. எங்கள் நிலத்தில் ஒரு பாகம் இந்த வருஷம் விதைக்காமல் தரிசாகக் கிடக்கிறது, மாந்தோப்பு போடலாம் என்று நான்கு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கம்பி வலை அடித்து வைத்திருக்கிறேன், கரண்ட் எல்லாம் கிடையாது. கிணறு வலைக்கு வெளியே. பொங்கல் முடிந்ததும் வாருங்கள், அதற்குள் சுற்று வட்டாரத்தில் அறுப்பு, போரடிப்பு எல்லாம் ஓய்ந்துவிடும், யானையும் நடமாட்டம் குறைந்திருக்கும். ஏழு மணிக்கு முன்னால் வேண்டாம். வந்ததும் கயிற்றோடு வேலியை ஒரு சுற்று சுற்றுங்கள், எங்காவது பன்றி பறித்த ஓட்டை இருந்தால் கல்லை வைத்து அடைத்துவிட்டு அப்புறம் விடுங்கள். அப்பா ஊரிலிருந்து வந்தால் அவரையும் கூட்டி வாருங்கள்.

ஆனால் மார்ச் பிறந்துவிட்டால் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அந்தத் தரிசில் வருஷா வருஷம் ஆள்காட்டிக் குருவி முட்டை வைக்கிறது. கூடு என்று ஒன்றும் இருக்காது, வெறும் மண்ணில் நாலு கூழாங்கல்லுக்கு நடுவில் நாலு முட்டை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் கல் எது முட்டை எது என்று தெரியாது. நாய் கால் பட்டால் போயிற்று. ஆகஸ்ட் வரைக்கும் அந்த இடம் அதுக்குத்தான். அதுவரை டர்ஃபில் ஓட்டுங்கள்.

கரிசல்காட்டான் எழுதுகிறார்:

அண்ணா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கட்டாயம் வருகிறேன். அப்பாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன், பொங்கலுக்கு ஊருக்கு வராதே, நான் அங்கே வருகிறேன் என்கிறார். மார்ட்டிங்கேல் பெல்ட்டுக்கு அவன் கழுத்தின் அளவு எந்த இடத்தில் எடுக்க வேண்டும், காதுக்குப் பின்னால் ஒட்டியா, இல்லை நடுக் கழுத்திலா?

மர்ஃபி டவுன் கன்னி எழுதுகிறார்:

காதுக்குப் பின்னால் ஒட்டி, கழுத்து மெலிந்திருக்கிற இடத்தில் ஒரு அளவு. தலையின் அகலமான இடத்தைச் சுற்றி இன்னொரு அளவு. முழுக்கத் தளர்ந்திருக்கும்போது தலை வழியாகப் போக வேண்டும், முழுக்க இறுகினால் கழுத்தளவுக்கு வந்து நிற்க வேண்டும், அதற்குக் கீழே இறுகக்கூடாது. போட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே பின்னால் இழுக்க வைத்துப் பாருங்கள், உருவவில்லை என்றால்தான் வெளியே.